காலணியின் அடி ஏன் தடித்தது? வெனிஸ் முதல் மாரத்தான் வரை ஒரு நீண்ட இழை

வாசகர் கேள்வி, ஜனவரி 6

தடித்த அடி வைத்த காலணி வெனிஸ் நகரத்துச் சேற்றுக்காகப் பிறந்தது என்று படித்தேன். தெருவில் ஒரே சகதி, பட்டாடை அழுக்காகக் கூடாது, அதனால் கட்டை மேல் ஏறி நடந்தார்கள். சேறு போனது, கட்டையும் போனது. 1970களில் பாடகர்கள் வேடிக்கைக்காக அதைத் தூசி தட்டி எடுத்தார்கள். இவ்வளவுதானே வரலாறு?

ஜனவரி 6, இரவு

இவ்வளவு இல்லை. சேற்றுக் கதை எங்கு போனாலும் காதில் விழுகிறது. யாரும் அளந்து பார்ப்பதில்லை. வெனிஸின் கொரேர் அருங்காட்சியகத்தில் ஒரு ஜோடி சொப்பீன் இருக்கிறது. அந்தக் கால உயரக் காலணிக்கு அதுதான் பெயர். உயரம் ஏறக்குறைய அரை மீட்டர், முழங்கால் மட்டம். அவ்வளவு உயரம் தேவைப்பட்டால் அது சேறு இல்லை, வெள்ளம். வெள்ளத்தில் யாரும் பட்டு உடுத்தி நடந்து போகமாட்டார்கள், படகில் போவார்கள். அந்த ஊரில் படகுக்குப் பஞ்சமும் இல்லை.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ராணிப்பேட்டைப் பக்கம் ஏற்றுமதிக் காலணி ஆலைகளில் சோல் பிரிவில் வேலை பார்த்தேன். மேல்தோலை வெட்டுகிறவர்களுக்கு மரியாதை அதிகம். எங்களுக்குக் கிடைப்பது பசை வாடையும், பிரிந்துபோன சோலுக்கான வசவும்தான். தரைக்கும் பாதத்துக்கும் நடுவில் இருப்பதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

ஜனவரி 7

சேற்றை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. சேற்றுக்கென்றே பிறந்த காலணி உண்டு, அது வேறு. இங்கிலாந்தில் பேட்டன் என்ற ஒன்றை மெல்லிய காலணிக்கு மேல் வார் போட்டுக் கட்டிக்கொண்டார்கள். மரத்தட்டு, பிற்காலத்தில் அதன் அடியில் ஓர் இரும்பு வளையம். கல் பாவிய தெருவில் கணீர் கணீர் என்று சத்தம் போடும். லண்டனில் அதைச் செய்கிறவர்களுக்கென்று தனிச் சங்கமே இருந்தது. செயின்ட் மார்கரெட் பேட்டன்ஸ் என்ற தேவாலயம் இன்றைக்கும் அந்தப் பெயரோடு நிற்கிறது. துருக்கியக் குளியலறைகளின் நாலின் மிதியடியும் இந்த வகைதான். முத்துச்சிப்பி பதித்து எவ்வளவு அழகாகச் செய்தாலும், ஈரமான சூடான தரையிலிருந்து பாதத்தைத் தூக்கி வைப்பதுதான் அதன் வேலை.

இவையெல்லாம் கருவிகள். வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போகலாம். சொப்பீன் அப்படியில்லை. ஃபாப்ரிட்சியோ கரோசோ என்ற இத்தாலிய நடன ஆசான் 1600இல் வெளியிட்ட நூலில், சொப்பீன் அணிந்த பெண் நளினமாக நடப்பது எப்படி என்று பாடமே எடுக்கிறார். பழகிக்கொண்டால் அதோடு நடனமும் ஆடலாமாம். நடன மண்டபத்தில் ஏது சேறு?

குட்டை சொப்பீன்கள் தொடக்கத்தில் தெரு அழுக்குக்காக வந்திருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அழுக்குக்கு நான்கு விரல் உயரம் போதும். அதற்கு மேலே போன ஒவ்வொரு விரலுக்கும் வேறு காரணம் தேட வேண்டும்.

ஜனவரி 9

இதை நேரில் பார்த்து எழுதியவர்களில் எனக்குப் பிடித்தவர் தாமஸ் கோரியட். ஆங்கிலேயர், வாயாடி, நடந்தே ஊர் சுற்றியவர். 1608இல் வெனிஸுக்குப் போனார், 1611இல் பயண நூலை அச்சிட்டார். மரத்தில் செய்து, வெள்ளை, சிவப்பு, மஞ்சள் எனப் பல நிறத் தோல் போர்த்தியவை என்கிறார். பெண்மணி எவ்வளவு உயர்குடியோ அவ்வளவு உயரம் அவளுடைய காலணி. வசதியுள்ள பெண்கள் தெருவில் நடக்கும்போது பக்கத்தில் தாங்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

ஒரு சின்னக் கல்பாலத்தின் படிகளில் துணையின்றித் தனியாக இறங்கிய பெண் ஒருத்தி மோசமாக விழுந்ததையும் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, எனக்கு அவள் மேல் இரக்கமே வரவில்லை, இந்த அபத்தக் கருவிகளை யார் போடச் சொன்னது என்கிற தொனியில் எழுதுகிறார். நானூறு ஆண்டு கழிந்தும் ஆண்கள் இதே வாக்கியத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். அவள் விழுந்தது சேற்றில் இல்லை, கல்படியில்.

ஜனவரி 10

இந்தியாவுக்கு வந்த கோரியட்டா இவர் என்று கேட்டவருக்கு: ஆமாம், அதே கோரியட்தான். பிறகு இந்தியாவுக்கு வந்தவர். அலெப்போவிலிருந்து நடந்தே அஜ்மீர் சேர்ந்து, ஜஹாங்கீரிடம் பாரசீகத்தில் ஓர் உரை நிகழ்த்திக் காசு வாங்கினார். 1617 டிசம்பரில் சூரத்தில் இறந்தார். வெனிஸ் பயணத்தில் போட்டிருந்த தன் காலணிகளைச் சொந்த ஊர் ஒட்கம்பின் தேவாலயத்தில் தொங்கவிட்ட மனிதர் அவர். தேய்ந்த செருப்பைத் தேவாலயத்தில் மாட்டியவர் பெண்களின் காலணியை அபத்தம் என்கிறார்.

தலைப்பை விட்டு விலகுகிறேன். நிறுத்துகிறேன்.

ஜனவரி 13

இனி அசல் விஷயம். அரை மீட்டர் உயரம் எதற்கு?

துணிக்கு. வெனிஸ் பட்டும் வெல்வெட்டும் விற்றுக் கொழுத்த ஊர். உயரமான பெண்ணுக்கு நீளமான பாவாடை வேண்டும். பாவாடை நீண்டால் குடும்பத்தின் செல்வம் கூடுதலாகக் கண்ணில் படும். சொப்பீன் காட்டுவதற்கான பொருளே இல்லை, துணியைத் தூக்கிப் பிடிக்கும் முட்டு. பாவாடை தரை வரை தொங்கி அதை முழுக்க மறைத்துவிடும். பார்க்கிறவருக்கு ஒரு பெண் மட்டும் நெடுநெடுவென்று தெரிவாள், அவளைச் சுற்றிப் பட்டு. டொராண்டோவின் பாட்டா காலணி அருங்காட்சியகத்தில் 2009இல் இதற்கென்றே ஒரு கண்காட்சி நடத்திய எலிசபெத் செம்மல்ஹேக் இந்த வாதத்தை நன்றாக நிறுவியிருக்கிறார். சோல் பிரிவில் இருந்த எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. வெனிஸ் சொப்பீன்களின் படங்களை உற்றுப் பாருங்கள். உயரமானவை பல வெறும் வெள்ளைத் தோல் போர்த்திய மரத் தண்டுகள். யாருக்கும் காட்டப் போவதில்லை என்றால் எதற்கு வேலைப்பாடு?

மறைவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு குறும்புச் சித்திரம் இருக்கிறது. பியெத்ரோ பெர்தெல்லி, 1588 வாக்கில் அச்சிட்டது. ஒரு கணிகை நிற்கிறாள், பக்கத்தில் கண்கட்டிய மன்மதன். அவளுடைய பாவாடை தனித் தாள், விரலால் தூக்கலாம். தூக்கினால் உள்ளே ஆண்கள் அணிவது போன்ற அரைக்கால்சட்டை, அதற்குக் கீழே உயரமான சொப்பீன்கள். தூக்கினால்தான் தெரியும் என்பதில்தான் அந்தப் படத்தின் நகைச்சுவையே இருக்கிறது.

இந்தப் படத்தை வைத்துக்கொண்டு "சொப்பீன் கணிகையர் காலணி" என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது பாதி உண்மை. கணிகையர் அணிந்தார்கள், பிரபுக் குடும்பப் பெண்களும் அணிந்தார்கள். கார்ப்பாச்சோ வரைந்த இரண்டு வெனிஸ் பெண்கள் ஓவியத்துக்கு நேர்ந்த கதியைப் பாருங்கள். மாடத்தில் சலிப்போடு உட்கார்ந்திருக்கும் இருவர், நாய்கள், மயில், தரையில் கழற்றி விட்ட சொப்பீன்கள். காலணியையும் சலிப்பையும் பார்த்து, வாடிக்கையாளருக்குக் காத்திருக்கும் கணிகையர் என்று நெடுங்காலம் சொன்னார்கள். பிறகு கலிபோர்னியாவின் கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கும் இன்னொரு பலகை இதன் மேல்பாதி என்று தெரியவந்தது. அதில் காயலில் ஆண்கள் பறவை வேட்டையாடுகிறார்கள். இரண்டையும் சேர்த்து வைத்தால், வேட்டைக்குப் போன கணவர்களுக்காகக் காத்திருக்கும் குடும்பப் பெண்கள். காலணியை வைத்து ஒழுக்கத்தை எடை போட்டால் இப்படித்தான் ஆகும்.

ஜனவரி 14

"அப்படியானால் ஸ்பெயினில் ஏன் அவ்வளவு அலங்காரம்?" என்று கேட்டவருக்கு: அங்கே பாவாடை சற்று மேலே நின்றது, காலணி வெளியே தெரிந்தது. தெரிகிற இடத்தில் தங்க வேலைப்பாடு, செதுக்கிய தோல் எல்லாம் வந்துவிட்டன. பொருளும் வேறு. அவர்கள் தக்கையை அடுக்கினார்கள், வெனிஸ்காரர்கள் மரத்தைக் கடைந்தார்கள். 1438இல் தலவேராவின் தலைமைக் குரு ஒருவர், பெண்களின் காலணிக்கே நாட்டுத் தக்கை போதாது போலிருக்கிறது என்று புலம்பியிருக்கிறார். தக்கை மரத்தின் பட்டையை உரித்தால் மறுபடி உரிக்க ஏறத்தாழ 9 ஆண்டு ஆகும். அவசரத்துக்கு வளராது. குருவின் புலம்பலில் கணக்கும் கொஞ்சம் இருக்கிறது.

ஜனவரி 18

பெண்களை வீட்டோடு கட்டிப்போட ஆண்கள் கண்டுபிடித்த விலங்கு இது என்று ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் 1430இலேயே வெனிஸ் அரசு சொப்பீனின் உயரத்துக்கு வரம்பு விதித்துவிட்டது. கர்ப்பிணிகள் விழுந்து கரு கலைகிறது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. விலங்கு பூட்டுகிறவன் விலங்கின் நீளத்தைக் குறைக்கச் சொல்லிச் சட்டம் போடுவானா? அந்தச் சட்டத்தை யாரும் மதிக்கவில்லை என்பதற்கு கொரேர் அருங்காட்சியகத்து ஜோடியே சாட்சி.

ஜனவரி 18, சற்றுப் பிறகு

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு யோசித்தேன். அவர் சொன்னதில் ஒரு துண்டு மிச்சம் இருக்கிறது. தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாமல் வெளியே போக முடியாது என்றால் அது கட்டுப்பாடுதான், யார் கண்டுபிடித்திருந்தாலும். அதே சமயம் அந்த ஆளும் அலங்காரத்தில் சேர்த்தி. இரண்டு பக்கமும் பணிப்பெண்கள் வர நடுவில் ஒருத்தி நடந்தால், எத்தனை பேருக்குக் கூலி கொடுக்கிற வீடு என்று தெரு முழுக்கத் தெரியும். கட்டுப்பாடும் பகட்டும் ஒரே காலணிக்குள் இருந்தன என்று வைத்துக்கொள்கிறேன். இதற்கு மேல் வளைந்துகொடுக்க மாட்டேன்.

ஜனவரி 20

தாங்கிப் பிடிக்கும் ஆள் என்றதும் ஜப்பான் நினைவுக்கு வந்தது. எடோ காலத்து ஒய்ரான், அதாவது உயர்நிலைக் கணிகை, ஊர்வலம் போகும்போது மூன்று பல் வைத்த கறுப்பு அரக்குக் கட்டைச் செருப்பு அணிவாள். உயரம் 15 செ.மீ.க்கு மேல். ஒரு கை பணியாளின் தோளில் இருக்கும். நேராகக் காலை எடுத்து வைக்காமல், எட்டைக் குறிக்கும் ஜப்பானிய எழுத்தை வரைவதுபோல் பாதத்தை வெளியே சுழற்றி, பக்கவாட்டில் சாய்த்துத் தரையில் இழுத்து வைப்பாள். இன்றும் சில விழாக்களில் அந்த நடையை நடித்துக் காட்டுகிறார்கள். காணொளி கிடைத்தால் செருப்பை மட்டும் பாருங்கள். கனமான கட்டையை விரல்களால் தூக்கவே முடியாது, சுழற்றி இழுக்கத்தான் முடியும். அந்த நடை முழுக்கக் கட்டையின் எடையிலிருந்து வந்தது. பிறகு அதையே கலையாக்கிவிட்டார்கள்.

சீனாவின் சிங் அரசர் காலத்து மஞ்சு பெண்களுடையது இன்னும் விசித்திரம். உயரம் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. பாதத்தின் நடுவில் மட்டும் பூந்தொட்டி வடிவில் ஒரு மரத்துண்டு, அதைச் சுற்றி வெள்ளைத் துணி. மஞ்சுக்கள் ஹான் சீனர்களைப் போல் பெண்களின் பாதத்தைக் கட்டிச் சிறிதாக்கவில்லை. ஆனால் கட்டிய பாதத்தின் தள்ளாட்ட நடைக்கு அழகு மதிப்பு இருந்தது. எலும்பை முறிக்காமல் அந்த நடையைப் பெற இதுவே வழி என்று பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். நீண்ட அங்கிக்கு அடியில் சின்னதாக ஓர் அடிப்பாகம் மட்டும் தெரியும். மறைவு, நடை, துணி, மூன்றும் இங்கேயும் சேர்ந்தே இருக்கின்றன.

ஜனவரி 21

கிரேக்க நாடக நடிகர்களை விட்டுவிட்டேன் என்கிறார் ஒருவர். வேண்டுமென்றேதான் விட்டேன். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் பெரும் நாடகக் காலத்தில் அவர்கள் அணிந்தது மெல்லிய, தட்டையான காலணி. மேடைக் காலணியின் அடி உயர்ந்தது அதற்கு வெகுகாலம் பிறகு.

பாதக்குறடும் இந்த வரிசையில் வராது. துறவிக்குத் தரையில் படும் பரப்பு குறைய வேண்டும், உயிர் எதுவும் மிதிபடக் கூடாது. அது ஆசாரம், அங்கே துணியும் இல்லை, பகட்டும் இல்லை.

பிப்ரவரி 2

வேலை நெருக்கடி, இரண்டு வாரமாக இந்தப் பக்கம் வரவில்லை. மேற்கத்திய பாணியில் சொப்பீனுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி தொங்கிக்கொண்டிருக்கிறது. சுருக்கமாக: பாரசீகக் குதிரைவீரர்களின் குதி வைத்த காலணி ஐரோப்பாவுக்கு வந்தது, முதலில் ஆண்களுக்கு, பிறகு பெண்களுக்கு. பின்பக்கம் மட்டும் உயர்த்தினால் போதும் என்று தெரிந்ததும் முழுக் கட்டைக்கு வேலை போய்விட்டது. 17ஆம் நூற்றாண்டோடு சொப்பீன் மறைந்தது.

திரும்பி வந்தது 1930களில், அதுவும் ஒரு போரின் புண்ணியத்தில். முசோலினி 1935இல் எத்தியோப்பியாவுக்குள் படை அனுப்பினார், சர்வதேச சங்கம் இத்தாலி மீது பொருளாதாரத் தடை விதித்தது. ஃப்ளாரன்ஸில் காலணிக் கடை வைத்திருந்த சால்வத்தோரே ஃபெர்ராகாமோவுக்கு நல்ல எஃகு கிடைக்காமல் போயிற்று.

எஃகுக்கும் காலணிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்காக: குதி உயர்ந்த காலணி ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். உள்தட்டுக்கும் வெளிச் சோலுக்கும் நடுவில், பாதத்தின் வளைவுக்கு நேர் கீழே, விரல் அகலத்தில் ஒரு வளைந்த எஃகுப் பட்டை இருக்கும். ஷாங்க் என்போம். குதிக்கும் முன்பாதத்துக்கும் நடுவே காலணி அந்தரத்தில் நிற்கிறது, ஆள் எடை முழுவதும் அங்கே இறங்குகிறது. பட்டை தரம் குறைந்ததாக இருந்தால் நடக்க நடக்கக் காலணியின் முதுகு உடைந்துவிடும். எங்கள் ஆலையில் பட்டையைக் கையில் வளைத்து விட்டுப் பார்ப்போம். பழைய வடிவத்துக்குத் திரும்பாவிட்டால் அந்தப் பெட்டி முழுவதும் திரும்பப் போகும்.

ஃபெர்ராகாமோவால் திருப்பி அனுப்ப முடியாது, வேறு சரக்கு இல்லை. அதனால் பட்டை தாங்க வேண்டிய அந்த வெற்றிடத்தையே அடைத்துவிட்டார், சார்டினியத் தக்கையால். குதி முதல் விரல் வரை ஒரே துண்டு. பாலமே இல்லையென்றால் பாலம் உடையாது. ஆப்பு வடிவ அடி அப்படித்தான் வந்தது. 1938இல் ஹாலிவுட் நடிகை ஜூடி கார்லண்டுக்காகச் செய்தது எல்லோருக்கும் தெரிந்த வானவில் செருப்பு. தக்கை அடுக்குகளைத் தனித்தனியாக வண்ண ஸ்வேட் மென்தோலில் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே தங்க நிறத் தோல் வார்கள்.

வெனிஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1938இல் பாவாடை முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது. அடியை மறைக்கத் துணி இல்லை. மறைக்க முடியாததற்கு வானவில் வண்ணம் கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் தடித்த அடியின் வரலாற்றில் பெரிய திருப்பம் இதுதான், 1970கள் இல்லை.

பிப்ரவரி 3

நேற்றையதற்கு ஒரு வால். போர்க்காலத்தில் தோலும் அரிது. அமெரிக்காவில் 1943 பிப்ரவரியில் காலணிப் பங்கீடு வந்தது, ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிஸில் பெண்கள் மரச் சோலில் நடந்தார்கள். அதனால் 1940கள் முழுக்கத் தடித்த அடிதான். போர் முடிந்தது, எஃகு திரும்பியது, உடனே எதிர்ப்பக்கம் ஓடினார்கள். 1950களின் ஊசிக் குதிக்கு உள்ளே இருப்பதே எஃகுக் கம்பிதான். எஃகு இல்லாதபோது தடித்தது, கிடைத்ததும் மெலிந்தது. பாணி மாற்றத்தை ரசனையால் மட்டும் விளக்குகிறவர்கள் ஒருநாள் கொள்முதல் பிரிவில் வந்து உட்கார வேண்டும்.

பிப்ரவரி 9

1970களுக்கு வந்துவிட்டோம். பாடகர்கள் வேடிக்கைக்காகக் கொண்டுவந்தது என்பதில் உண்மை உண்டு. டேவிட் போவி, எல்டன் ஜான், கிஸ் குழு என்று மேடையில் ஏறிய ஆண்களுக்கெல்லாம் உயரம் வேண்டியிருந்தது. கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டுமே. ஆனால் காலணி செய்தவர் பக்கத்திலிருந்து பார்த்தால் இது 1940களின் மறுபதிப்பு. லண்டனில் டெர்ரி டி ஹேவிலண்ட், தன் அப்பா செய்த பழைய ஆப்பு அடி வடிவங்களை எடுத்துப் பாம்புத்தோலில் ஒட்டுப்போட்டுத்தான் பெயர் வாங்கினார். 1972இல் கிங்ஸ் ரோட்டில் கடை திறந்தார்.

இங்கே என் வாதத்துக்கு இடிக்கும் ஒன்று இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். 1938க்குப் பிறகு அடி வெளியே வந்துவிட்டது என்றேன். ஆனால் பெல்பாட்டம்? அந்தக் கால ஆண்களின் படங்களைப் பாருங்கள், நம் ஊர் ஸ்டுடியோப் படங்கள் உட்பட. கால்சட்டையின் விரிந்த கீழ்முனை காலணியை முழுங்கிவிடுகிறது, நுனி மட்டும் எட்டிப் பார்க்கிறது. உயரத்தில் பாதி கட்டை, அந்தப் பாதியைத் துணி தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது. வெனிஸ்காரிகள் செய்ததும் அதேதான். ஆக, மறைப்பு ஒழிந்துபோகவில்லை. மேடையில் காட்டினார்கள், தெருவில் மறைத்தார்கள்.

என் சித்தப்பா அந்த வயதுக்காரர். திருமணப் படத்தில் சித்தியைவிட அரையடி உயரம். நேரில் பார்த்தால் இருவரும் சமம். கேட்டால் கேமரா கோணம் என்பார்.

பிப்ரவரி 10

கணுக்கால் பிசகுவது பற்றி மருத்துவம் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். மருத்துவம் நீங்கள் சொல்லுங்கள், எனக்குத் தெரிந்த இயந்திரக் கணக்கைச் சொல்கிறேன்.

முதலாவது, சோலின் ஓரம் ஒரு கல்லில் ஏறினால் பாதம் அந்த ஓரத்தைச் சுற்றிப் புரளும். பாதம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அந்த அளவுக்குக் கணுக்கால் பக்கவாட்டில் தள்ளப்படும். இரண்டாவது, தடித்த அடிக்குக் கீழே இருக்கும் கல்லைப் பாதம் உணராது, உணரும்போது நேரம் கடந்திருக்கும். மூன்றாவது, அடி தடித்தால் வளையாது. நடக்கும்போது பாதம் விரல்மூட்டில் மடங்க வேண்டும். சோல் மடங்காவிட்டால் குதி உள்ளே தூக்கிக்கொள்ளும். அதனால்தான் தடித்த சோலின் முன்பக்கம் படகு மூக்கு மாதிரி மேலே வளைந்திருக்க வேண்டும், பாதம் மடங்குவதற்குப் பதிலாகக் காலணியே உருளும். மலிவுச் சரக்கில் இந்த வளைவு இருக்காது. தட்டையான செங்கல்லை ஒட்டி அனுப்பிவிடுவார்கள்.

நன்மையும் ஒன்று உண்டு. குதி 12 செ.மீ., முன்பக்கம் 4 செ.மீ. என்றால் பாதம் சாய்வது 8 செ.மீ. கணக்குக்குத்தான். அதே உயரத்தை ஊசிக் குதியில் போட்டுப் பாருங்கள், விரல்கள் அழுதுவிடும்.

சாய்வுக் கணக்கு எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 1993இல் பாரிஸ் ஃபேஷன் மேடையில் மாடல் நயோமி கேம்ப்பெல் விழுந்ததே சாட்சி. விவியன் வெஸ்ட்வுட் வடிவமைத்த, முதலைத்தோல் போன்ற நீலக் காலணி, குதி 20 செ.மீ.க்கு மேல். தொழிலே நடப்பதுதான் என்றிருந்தவர், விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரித்தார். காலணி இப்போது லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோரியட்டாக இருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று நமக்குத் தெரியும்.

பிப்ரவரி 16

தொண்ணூறுகளின் ஸ்பைஸ் கேர்ள்ஸ் பாட்டுக் குழு, டோக்கியோவின் ஷிபுயா பெண்கள் பற்றி எழுதலாம் என்று பரணிலிருந்து ஒரு பழைய மாதிரிக் காலணியை இறக்கினேன். தடித்த அடி வைத்த விளையாட்டுக் காலணி, ஏற்றுமதிக்குச் செய்த மாதிரி, ஒருநாளும் போடாதது. பெட்டியைத் திறந்ததும் ஒரு புளித்த வாடை. மேல்தோல் புத்தம் புதிது. சோலை விரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. தூக்கினேன், அடி பெட்டியிலேயே தங்கிவிட்டது, கேக் துண்டுபோல் உதிர்ந்து. கையெல்லாம் பிசுபிசுப்பு.

இது பாலியூரித்தேன் என்ற நுரைப் பொருளின் தலைவிதி. காற்றில் உள்ள ஈரம் அதன் மூலக்கூறுச் சங்கிலியை மெல்ல மெல்ல வெட்டுகிறது. போட்டாலும் போடாவிட்டாலும் நடக்கும். போடாமல் மூடி வைத்தால் தெரியாமல் நடக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இன்னும் வேகம். உலகெங்கும் அருங்காட்சியகக் காப்பாளர்களுக்கு இது பெரிய தலைவலி. 1500களின் மரமும் தக்கையும் திடமாக இருக்கின்றன, அண்மைக் காலத்து நுரைச் சோல்கள் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே கரைகின்றன.

பிப்ரவரி 23

உறவில் ஒரு வரவேற்பு. மணப்பெண்ணுக்கு லெஹங்கா தைக்கும்போது ஐந்து அங்குலச் செருப்பைப் போட வைத்து அளவெடுத்திருக்கிறார்கள். சரியான முறைதான். செருப்பு சுத்தமாகத் தெரியவில்லை, பெண் கம்பீரமாக நின்றாள். ஒரு மணி நேரத்தில் கால் வலி தாங்காமல் மேடையிலேயே செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டாள். அவ்வளவுதான். ஐந்து அங்குலப் பாவாடை தரையில் குவிந்தது, ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. இரண்டு பக்கமும் இரண்டு தங்கைகள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை அவளைக் குனிந்து பார்த்துத் திகைத்தார். பந்தியில் உட்கார்ந்திருந்த நான் சொப்பீன், சொப்பீன் என்று முணுமுணுத்தேன். பக்கத்து இலைக்காரர் அது என்ன பலகாரம் என்று கேட்டார்.

ஆடை காலணிக்காக வெட்டப்பட்டது. காலணி இல்லாமல் அந்த ஆடைக்கு நிற்கத் தெரியாது. ஜனவரி 13 குறிப்பில் நான் வளவளவென்று எழுதியதை அந்தப் பெண் ஒரே நிமிடத்தில் நிரூபித்துவிட்டாள்.

மார்ச் 1

ஓட்டக் காலணிகள் இந்த வரிசையில் வருமா என்ற கேள்விக்கு: வரும், ஆனால் பின்வாசல் வழியாக. 2017க்குப் பிறகு நெடுந்தூர ஓட்டக்காரர்களின் அடி மளமளவென்று தடித்தது. லேசான நுரை, நடுவில் கார்பன் தகடு. நுரை எவ்வளவு தடிமனோ அவ்வளவு அமுங்கி, அவ்வளவு திருப்பித் தள்ளும். உலகத் தடகள அமைப்பு 2020இல் சாலை ஓட்டத்துக்கு 40 மி.மீ. என்று வரம்பு போட்டது. 2021 செப்டம்பர் வியன்னா மாரத்தானில் எத்தியோப்பியாவின் டெராரா ஹுரிசா முதலாவதாக ஓடி முடித்தார். காலணியை அளந்தார்கள். 50 மி.மீ. தகுதி நீக்கம். பரிசு கென்யாவின் லியோனார்ட் லங்காட்டுக்குப் போனது.

1430இல் வெனிஸ் அரசால் செய்ய முடியாததை அளவுகோலோடு நின்ற நடுவர் ஒருவர் செய்துவிட்டார். வெனிஸில் யாரும் பாவாடைக்குள் கைவிட்டு அளக்க முடியாது. இங்கே அடி வெளியே தெரிகிறது.

இப்போது அதே தடித்த நுரைக் காலணியை ஓடாதவர்களும் அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். குளிர்சாதன அறையில் மின்தூக்கியில் ஏறி இறங்குகிறவருக்கு 40 மி.மீ. நுரை எதற்கு என்று கேட்காதீர்கள். சேற்றுக்காக என்று யாராவது சொன்னாலும் சொல்வார்கள்.

மார்ச் 4

வரலாறு போதும், எதை வாங்குவது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவு. காலணியை மேசையில் வைத்து முன்நுனியை விரலால் அழுத்துங்கள். குதி தூக்கிக்கொண்டு முன்னால் உருண்டால் நல்லது, அசையாமல் செங்கல்லாக நின்றால் வைத்துவிட்டு வாருங்கள். கவிழ்த்துப் பாருங்கள், அடி மேல்பாகத்தைவிடச் சற்று அகலமாக விரிந்திருக்க வேண்டும், உள்நோக்கிக் குறுகியிருந்தால் வேண்டாம். கடையில் ஒற்றைக் காலில் நின்று பாருங்கள், படி இருந்தால் இறங்கிப் பாருங்கள். வாங்கிய பிறகு விசேஷத்துக்கு என்று பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். எடையே தெரியாத, ஈவிஏ என்ற வேறு வகை நுரை அடி என்றால் ஈரத்தால் உதிராது, நாளாக ஆக அமுங்கித் தட்டையாகும், அவ்வளவுதான். பாலியூரித்தேன் என்றால் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தை நம்பாமல் போட்டுத் தேயுங்கள்.